வெயிலில் வைத்த மூடி

முப்பத்தொரு வருஷமாக வண்டி சீட்டுகளைப் பிரித்துத் தைக்கிறேன். மனுஷர்கள் உட்கார்ந்து எழுந்த இடத்தைப் பிரித்துப் பார்ப்பதே பிழைப்பு என்று ஆனவனுக்கு மனுஷர்கள் மேல் பெரிய மரியாதை இருக்காது. மென்று ஒட்டிய சூயிங்கம், கடித்துத் துப்பிய நகம், பாதி தின்ற ரொட்டி, காய்ந்த வாந்தி, எலிக்குஞ்சு, ஒரு தடவை முழுசாக ஒரு பல் செட்டு. மேலே ரெக்சின் பளபளவென்று இருக்கும். உள்ளே குமட்டும். அதனால் யாராவது தன் வீட்டுச் சுத்தத்தைப் பற்றி என்னிடம் பேசினால் 'சரிங்க' என்று கேட்டுக்கொள்வேன், நம்ப மாட்டேன்.

ஒரே ஒரு ஆளை மட்டும் நம்பித் தொலைத்தேன். என் வயிற்றெரிச்சலே அதுதான்.

பக்கத்து வீட்டுக்காரர். என் பட்டறைக்கும் அவர் முற்றத்துக்கும் நடுவே இடுப்பளவு சுவர். வயசு அறுபத்தெட்டு. தெருவில் அவருக்குப் 'பால்வண்டி' என்று பெயர். முற்றத்தில் ஒரு பழைய பிக்கப் நிற்கிறது, உருண்டை மூக்கும் உருண்டை விளக்குமாக, பச்சைப் பெயின்ட் அடித்து. பால் பண்ணை கழித்துப் போட்ட வண்டியை வாங்கித்தான் வாழ்க்கையை ஆரம்பித்ததாக அவர் சொல்லாத நாளே இல்லை. "பால் ஏத்துன வண்டிடா. அழுக்குன்னு ஒண்ணு அதுல ஏறுனதே இல்ல" என்பார். அந்த வண்டியில் இருபத்தாறு வருஷம் பேக்கரி ரொட்டியைக் கடைகடையாகக் கொண்டுபோய்ப் போட்டார். தட்டில் அடுக்கி மேலே வெள்ளைத் துணி போர்த்தியிருப்பார். அந்தத் துணியைப் பார்த்தே வாங்கியவர்கள் உண்டு. அந்த ரொட்டியை நானும் காலை தவறாமல் தின்றேன்.

சுத்தம் என்றால் அப்படி ஒரு சுத்தம். வெளியே கிளம்பினால் சொந்த டம்ளரைப் பையில் போட்டுக்கொள்வார். நீங்கள் கை கொடுத்தால் வாங்கிக்கொள்வார், நீங்கள் முதுகைக் காட்டியதும் குழாயடிக்குப் போவார். தெருநாய்கள் மற்ற வண்டிகளின் அடியில் படுத்துக் கிடக்கும், டயரில் காலைத் தூக்கும். இந்த வண்டிப் பக்கம் மட்டும் வராது. "பாத்தியா, நாய்க்குக்கூட மரியாதை தெரியுது" என்று அதையும் பெருமையாகத்தான் சொல்வார். நானும் தலையாட்டியிருக்கிறேன். இப்போது நினைத்தால் என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது.

அவருக்கு ஒரே மகள். முப்பத்து நாலு வயசு, தெருமுனைப் பெயின்ட் கடையில் கலர் கலக்குகிறாள். வண்டியை இடித்துக்கொண்டவன் இதே கலர் வேண்டும் என்று பெட்ரோல் மூடியைக் கழற்றிக்கொண்டு வந்து நீட்டுவான். அவள் அதை வாசல் வெளிச்சத்தில் ஒரு தடவை, நிழலில் ஒரு தடவை பிடித்துப் பார்ப்பாள். சொட்டுச் சொட்டாக விட்டுக் கலக்கி, அட்டையில் தடவிக் காயவைத்து, பக்கத்தில் வைத்து மறுபடி பார்ப்பாள். அவசரப்படுத்தினால், "குத்துமதிப்பா குடுக்க மாட்டேன், வேணும்னா வேற கடைக்குப் போங்க" என்பாள். அந்த வீம்பு அப்பனிடமிருந்து வந்தது. முற்றத்தில் யார் என்ன வேலை செய்தாலும் அவரும் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிடுவார். கோணலைப் பார்த்தால் அவரால் வாயை மூடிக்கொண்டு இருக்க முடியாது.

அவள் கடைக்குத் தன் டேங்கருக்குப் பெயின்ட் வாங்க வந்த ஒருவரை அவளுக்குப் பிடித்துப்போயிற்று. மலக்குழியை உறிஞ்சி எடுத்துப் போகிற டேங்கர். சொந்த வண்டி இல்லை, ஓட்டுகிறவர்தான். நாற்பது வயசு இருக்கும். பேசினால் நிதானமாகப் பேசுவார். போன மாதம் அவர் பெண் கேட்டு வந்தார். சலவைச் சட்டை, படிய வாரிய தலை, கையில் ஒரு பை ஆப்பிள். முற்றத்தில் இருந்த மர நாற்காலியில் உட்காரவைத்தார்கள். அண்ணி, அதாவது பால்வண்டியின் மனைவி, தேநீர் போட உள்ளே போனார். நான் சுவருக்கு இந்தப் பக்கம் ஒரு பஸ் சீட்டுக்கு ஆணி அடித்துக்கொண்டிருந்தேன். காது அந்தப் பக்கம்.

"என்ன வேலை பாக்கறீங்க?"

"டேங்கர் ஓட்டறேங்க."

"தண்ணி டேங்கரா?"

"கழிவு டேங்கருங்க. குழி எடுக்கறது."



"கையால தொடுவீங்களா?"

"குழாய் அடைச்சுக்கிட்டா தொட்டுத்தானேங்க ஆகணும். கையுறை போட்டுக்குவோம்."

"சரி. யோசிச்சுச் சொல்லி அனுப்பறேன்" என்றவர், உள்ளே பார்த்து, "டீ வேண்டாம், இவருக்கு நேரமாச்சாம்" என்று குரல் கொடுத்தார்.

அந்த மனுஷர் தெருமுனைகூடத் தாண்டியிருக்க மாட்டார். பால்வண்டி பினாயிலும் வாளியும் எடுத்துக்கொண்டு வந்தார். நாற்காலியைக் கவிழ்த்துப் போட்டு, நாலு காலையும், அடிப்பலகையையும், சாய்கிற கம்பிகளையும் தேய்த்துத் தேய்த்துக் கழுவினார். சுவர்மேல் வைத்த வண்டிச் சாவியை மறந்துவிட்டுப் போயிருந்த அந்த மனுஷர் அதை எடுக்கத் திரும்பி வந்தார். வாசலில் நின்று பார்த்தார். பால்வண்டி அவரைப் பார்த்தும் கையை நிறுத்தவில்லை. "சாவிய விட்டுட்டேங்க" என்று சொல்லி எடுத்துக்கொண்டு, "வர்றேங்க" என்று கும்பிட்டுவிட்டுப் போனார். ஆப்பிள் பை குப்பைத் தொட்டிக்குப் போயிற்று.

அன்றைக்கே காறித் துப்ப வேண்டும் போல இருந்தது. வாயில் ஆணி இருந்ததால் துப்பவில்லை. இல்லாவிட்டாலும் துப்பியிருக்க மாட்டேன், அதையும் சொல்லிவிடுகிறேன்.

இரண்டு நாள் கழித்து மகள் என் பட்டறைக்கு வந்து பஞ்சு மூட்டைமேல் உட்கார்ந்தாள்.

"சித்தப்பா, அவருக்கு வேற ஊர்ல வேலை கெடைச்சிருக்கு. ஒண்ணாந்தேதி போறாரு."

"நீயும் போயிடு. உனக்கென்ன சின்ன வயசா?"

"நான் போவேன். அவரு கூட்டிட்டுப் போக மாட்டேங்கறாரு. 'ஓடிப்போயி கட்டிக்கற வயசு எனக்கு இல்ல. அதே நாற்காலியில உக்காந்து, ஒரு டீ குடிச்சிட்டு, உங்கப்பா வாயால சரின்னு கேக்கணும். இல்லன்னா விட்டுரு'ங்கறாரு."

"உங்கப்பன் சொல்லுவானா?"

"எங்க வண்டி பால் ஏத்துன வண்டி, அந்த வாசல்ல பீவண்டி வந்து நிக்கறதாங்கறாரு. நான் போனா அம்மா என் மூஞ்சியில முழிக்கக் கூடாதாம்."

அவள் அழவில்லை. நகக்கண்ணில் ஏறியிருந்த நீலப் பெயின்ட்டைக் கிள்ளிக்கொண்டே இருந்தாள். ஒண்ணாந்தேதிக்கு இருபத்தொரு நாள் இருந்தது.

அந்த வாரத்தில்தான் பழைய வண்டிச் சங்கத்துக்காரர் வந்து சேர்ந்தார். தொப்பியும் பூதக்கண்ணாடியுமாக ஒரு ஆள். ஊரில் உள்ள பழைய வண்டிகளையெல்லாம் வரிசையாக ஓட்டிக் காட்டப்போகிறார்களாம். பிக்கப்பைச் சுற்றிச் சுற்றி வந்தார். வண்டியின் நெற்றியில் ஒரு இடத்தில் உப்புத்தாளைத் தண்ணீரில் தொட்டு வட்டமாகத் தேய்த்தார். பச்சைக்குள் நீலம், நீலத்துக்குள் சாம்பல், அதற்குள் தகரம் என்று வளையம் வளையமாக வந்தது.

"இதெல்லாம் அப்புறமா அடிச்சது. நெத்திய ஒரு தடவ தகரம் வரைக்கும் சுரண்டிட்டுத்தான் அடிச்சிருக்காங்க. தொழிற்சாலையில அடிச்ச கலர் இதுல இல்ல. கதவு ரெண்டும் வேற வண்டியோடது. எங்க சங்கத்துல முதல் கலர் இருந்தாத்தான் சேத்துக்குவோம். கைபடாத இடம் ஏதாவது இருக்கா?"

"இருக்கு சார்" என்றார் பால்வண்டி, இதற்காகவே காத்திருந்தவர் போல. "சீட்டுக்குப் பின்னால டூல்ஸ் பெட்டி. அதோட மூடிய நான் வாங்குன நாள்லேர்ந்து யாரும் தொட்டதில்ல. பால் பண்ணை கலரு. கிரீம்."

சீட்டைக் கழற்ற என்னைக் கூப்பிட்டார்கள். சாய்மானத்தைப் பிரித்தபோது நாரும் தூசியும் அழுக்குப் பிடித்த ரோமமுமாகக் கொட்டியது. எலி கூடு கட்டியிருக்கும் என்று நினைத்தேன். கையை விட்டுத் துழாவியபோது பித்தளை வில்லைகள் அகப்பட்டன. வட்டமாக, ஒரு ஓட்டையோடு, நம்பர் வெட்டி. இரண்டு கையும் வேலையாக இருந்ததால் முதல் வில்லையை ஆணியைக் கவ்வுகிற மாதிரியே பல்லில் கவ்விக்கொண்டு மற்றவற்றை எடுத்தேன். ஐந்து இருந்தது.

"என்னண்ணே இது?"

அவர் என் வாயிலிருந்தே பிடுங்கிக்கொண்டார். "பால் டோக்கன்டா. அந்தக் காலத்துல டோக்கன் குடுத்தாத்தான் பால் ஊத்துவாங்க." ஐந்தும் அவர் சட்டைப் பைக்குள் போயிற்று. சங்கத்துக்காரர் "அருமை, அருமை" என்று எழுதிக்கொண்டார்.

பெட்டி மூடியைக் கழற்றி வெளியே எடுத்தோம். இரண்டு கை அகலம். துடைத்துப் பார்த்தால் நல்ல கிரீம் கலர்தான், வெண்ணெய் நிறம். பால்வண்டி எங்கள் எல்லோர் முகத்தையும் ஒரு சுற்றுப் பார்த்தார். "நான் சொன்னேன்ல?"

மகள் மூடியை வாங்கி வாசலில் பிடித்துப் பார்த்தாள். பிறகு நிழலில் பார்த்தாள். மூக்கருகே வைத்து முகர்ந்தாள்.

"இதை வச்சுக் கலக்க முடியாதுப்பா."

"ஏன்?"

"பழைய எண்ணெய்ப் பெயின்ட்டு. வெளிச்சம் படாம இருட்டுலயே கெடந்தா மஞ்சளாயிடும். முதல்ல என்ன கலரா இருந்துச்சுன்னு தெரியணும்னா வெயில்ல வைக்கணும். எட்டு பத்து நாள்ல மஞ்சள் எறங்கிடும். அப்புறம் நிக்கறதுதான் அசல்."

"அதெல்லாம் ஒண்ணும் வேண்டாம். கண்ணுக்குத் தெரியுதுல்ல கிரீமுன்னு. அப்படியே கலக்கு."

"குத்துமதிப்பா கலக்க மாட்டேன்."

சங்கத்துக்காரரும் அவள் பக்கம் சேர்ந்துகொண்டார். இருபத்தெட்டாம் தேதி மறுபடி வருவதாகச் சொல்லிவிட்டுப் போனார். அவள் மூடியின் நடுவில் கறுப்பு டேப் ஒன்றைக் குறுக்காக ஒட்டினாள். ஒட்டிய இடம் அப்படியே இருக்கும், மற்ற இடம் மாறும், பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம் என்றாள். அப்போது அவள் மனசில் ஒரு சந்தேகமும் இல்லை என்று சத்தியம் செய்வேன். வேலையைச் சரியாகச் செய்ய வேண்டும் என்கிற பிடிவாதம், அவ்வளவுதான்.

சீட்டை என் பட்டறைக்குக் கொண்டுவந்து மிச்சத்தைப் பிரித்தேன். தையல் மடிப்புக்குள் இன்னொரு வில்லை இருந்தது. இதில் ஒரு வளையமும், வளையத்தில் விரல் நீளத்துக்குக் காய்ந்த தோல்பட்டையும் தொங்கியது. டோக்கன் தொலையாமல் இருக்கக் கட்டியிருப்பார்கள் என்று எண்ணி ஆணி டப்பாவுக்குள் போட்டேன். அவ்வளவு புத்திசாலி நான்.

மூடி அவர்கள் வீட்டு மதில்மேல் வெயிலில் வைக்கப்பட்டது. முதல் நாள் பத்து மணிக்கு எதேச்சையாகப் பார்த்தேன். பால்வண்டி வந்து மூடியைக் குப்புறக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போனார். மகள் வேலையிலிருந்து வருவதற்குள் மறுபடி நிமிர்த்தி வைத்தார். இரண்டாம் நாள் அதன்மேல் ஈரத்துண்டைக் காயப்போட்டார். மூன்றாம் நாள் நாற்காலியோடு மதிலடிக்கு வந்து, குடையை விரித்து, மூடிக்கு நிழல் விழுகிற மாதிரி பிடித்துக்கொண்டு மத்தியானம் முழுக்க உட்கார்ந்திருந்தார். அறுபத்தெட்டு வயசு மனுஷர், வேர்த்து வழிய, தகரத்துக்குக் குடை பிடித்துக்கொண்டு.

ஒரு மனுஷர் ஒரு கலருக்கு இப்படிப் பயந்து நான் பார்த்ததில்லை. 

"என்னண்ணே, பெயின்ட்டுக்கு வெயில் சுடுதா?"

"உன் வேலையப் பாரு."

ஐந்து நாளாகியும் மூடி மஞ்சளாகவே இருந்தது. மகள் டேப்பின் ஓரத்தைத் தூக்கிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினாள். "இவ்வளவு வெயிலுக்கு இந்நேரம் மாறியிருக்கணுமே." நான் வாயைத் திறந்துவிட்டேன். கவிழ்த்தது, துண்டு, குடை எல்லாவற்றையும் சொன்னேன்.  அவள் மூடியை எடுத்துக்கொண்டு வந்து, என் ஏணியில் ஏறி, என் பட்டறையின் தகரக் கூரைமேல் வைத்துக் கம்பியால் கட்டினாள். அவள் அப்பனுக்கு முட்டிவலி, ஏணி ஏற முடியாது.

மறுநாள் காலையில் அவர் சுவரோரம் வந்து நின்றார்.

"டேய் தையக்காரா. அந்த மூடிய எறக்கிக் குடு."

"அவ வச்சதுண்ணே. அவதான் எறக்கணும்."

"என் வண்டி மூடி. என் வீட்டுச் சாமான்."

"என் கூரைண்ணே."

"முப்பது வருஷமா பக்கத்துல இருக்க. உனக்கு நான் என்ன குறை வச்சேன்?" என்று குரலை இறக்கினார். "பொண்ணு விஷயம்டா. புரிஞ்சுக்க. எறக்கிடு."

புரிந்துகொள்ள எனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. ஆனால் அந்தக் கெஞ்சல் எனக்குப் பிடிக்கவில்லை. நாற்காலியைக் கழுவியபோது இருந்த கை என்ன, இப்போது சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கிற கை என்ன. "ஏணி ஒடஞ்சு போச்சுண்ணே" என்றேன். ஏணி என் முதுகுக்குப் பின்னால் சாய்ந்து நின்றுகொண்டிருந்தது.

இருபத்து நாலாம் தேதி பகலில் ஒரு மழை பெய்தது. பெயின்ட் சுரண்டுவதற்காக வண்டியின் பின்பக்கத் தளத்தில் போட்டிருந்த தகரத்தை ஏற்கெனவே பிரித்திருந்தார்கள். அடியில் இருந்த பழைய மரப்பலகை வெறுமனே கிடந்தது. மழை அதில் நன்றாக ஊறியது. பின்னாலேயே சுள்ளென்று வெயில் அடித்தது. பலகையிலிருந்து ஆவி கிளம்பியது, அதோடு ஒரு வாடையும் கிளம்பியது. பழைய மரத்தின் வாடை என்று சொல்லலாம், சொல்லிப் பார்த்தேன். எலி செத்த சீட்டுகளை எத்தனையோ பிரித்தவன் நான். இது அந்த வாடை, அதைவிடப் பழசு, அதைவிட நிறைய. இந்தப் பலகைக்கு மேலே தகரம், தகரத்துக்கு மேலே தட்டு, தட்டில் ரொட்டி, ரொட்டிக்கு மேலே வெள்ளைத் துணி. வாசலுக்கு ஓடிப்போய்க் குனிந்தேன். வெறும் தேநீர்தான் வந்தது.

அண்ணி மூக்கைப் பொத்திக்கொண்டு வாசலுக்கு வந்தார். "என்னங்க இது, எது செத்துக் கெடக்கு?"

"சாக்கடை அடைச்சிருக்கும்" என்றார் பால்வண்டி. பினாயில் பாட்டில் முழுவதையும் பலகையில் கவிழ்த்தார். வாடை போகவில்லை. பினாயிலும் சேர்ந்து இன்னும் கேவலமானது.

இருபத்தேழாம் தேதி காலையில் மகள் மூடியை இறக்கினாள். அவர்கள் முற்றத்தில் அப்பா, அம்மா, நான், மூவரும் இருந்தோம். அவள் டேப்பைப் பிடித்து மெல்ல உரித்தாள். டேப் இருந்த இடம் வெண்ணெய் மஞ்சளில் ஒரு கோடாக நின்றது. மற்ற இடமெல்லாம் வெள்ளை. சுண்ணாம்பு மாதிரி உயிரில்லாத வெள்ளை.

"கிரீம் இல்லப்பா. வெள்ளை."

"வெள்ளையா இருந்தா என்ன? பாலும் வெள்ளைதானே? பண்ணைக்காரன் வெள்ளை அடிச்சிருப்பான்."

"அப்ப எதுக்குக் குடை புடிச்சீங்க?"

அவர் என்னைப் பார்த்த பார்வையில் நான் எரிந்திருக்க வேண்டும். எனக்கும் ரோசம் வந்துவிட்டது. உள்ளே போய் ஆணி டப்பாவைக் கொண்டுவந்து, அந்தத் தோல்பட்டை வில்லையை எடுத்துத் தரையில் போட்டேன். "இந்தாங்க, உங்க பால் டோக்கன் இன்னும் ஒண்ணு இருந்துச்சு."

அண்ணிதான் குனிந்து எடுத்தார். திருப்பிப் பார்த்தார். தோலை விரலால் நீவினார்.

"இது டோக்கன் இல்லீங்களே. எங்கப்பா வீட்ல நாய் இருந்துச்சுல்ல, அது கழுத்துல இதே மாதிரி கெடந்துச்சு. நகராட்சியில நம்பர் போட்டுக் குடுப்பாங்க. இது இல்லாத நாயத்தான் புடிப்பாங்கன்னு பேரு. இருந்தாலும் புடிச்சிட்டுப் போயிடுவாங்க. வெள்ளை வண்டி, செவப்புப் பட்டை போட்டு வரும். வந்தா நாங்க நாய உள்ள தள்ளிக் கதவச் சாத்திக்குவோம்."

சொல்லிக்கொண்டே வந்தவர் சட்டென்று நிறுத்தி வண்டியைப் பார்த்தார். நானும் பார்த்தேன். நாய் பிடிக்கிற வண்டி. உயிரோடு பிடிப்பார்கள், செத்ததையும் அள்ளுவார்கள், எல்லாம் ஒரே பலகைமேல். அந்த வில்லையின் ஜோடியைத்தான் நான் பல்லில் கவ்விக்கொண்டிருந்தேன். நாக்கைச் சட்டையில் துடைத்தேன், எத்தனை தடவை என்று தெரியாது.

"எனக்கென்ன தெரியும்?" என்று பால்வண்டி கத்தினார். "எனக்கு முன்னால எவன்கிட்ட இருந்துச்சோ, என்னத்த ஏத்துனானோ! நான் பால் பண்ணையிலதான் வாங்குனேன். எல்லாரும் சேந்து என்ன இப்படிப் பாக்கறீங்க?"

 மகள் மூடியை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போய்விட்டாள். சாயங்காலம், அண்ணி சொன்ன மாதிரியே ஒரு டின் வெள்ளையும் பட்டைக்கு அரை டின் சிவப்பும் தனித்தனியாகக் கலக்கிக் கொண்டுவந்தாள்.

மறுநாள் சங்கத்துக்காரர் வந்து மூடியைப் பார்த்துவிட்டு, "நகராட்சி வண்டியா! இது இன்னும் அபூர்வம்" என்று குதித்தார். அபூர்வமாம். அவர் வீட்டு ரொட்டியா வந்தது அதில். தளத்துக்கு அடியில் ஓடிய ஒரு இரும்புச் சட்டத்தில் சிவப்பு சிதறியிருப்பதையும் கண்டுபிடித்துப் படம் எடுத்துக்கொண்டு போனார். பட்டை எங்கே ஓடியது என்று மட்டும் அவருக்கும் தெரியவில்லை.

முப்பதாம் தேதி, லீவு போட்டுவிட்டு, பெயின்ட் பீய்ச்சுகிற கன்னை மகளே பிடித்தாள். வெள்ளை இரண்டு பூச்சு ஏறிக் காய்ந்திருந்தது. பால்வண்டி மூன்று நாளாக யாரோடும் பேசவில்லை. ஆனாலும் முற்றத்தில் வேலை நடக்கிறது, அவரால் உள்ளே இருக்க முடியவில்லை. மர நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து முறைத்துக்கொண்டிருந்தார். அண்ணி வாசல்படியில் இருந்தார். நான் புது ரெக்சின் போட்ட சீட்டைப் பொருத்திக்கொண்டிருந்தேன். கழற்றியதை மாட்டித்தானே ஆக வேண்டும்.

மகள் பட்டைக்கு டேப் ஒட்ட ஆரம்பித்தாள். கதவுக் கைப்பிடியை ஒட்டி மேலே ஒரு கோடு, அதற்கு ஒரு சாண் மேலே இன்னொன்று. பின்பக்கம் வரை இழுத்துக்கொண்டு போனாள். நாற்காலி கிரீச்சிட்டது. அவர் கழுத்தை ஒரு பக்கம் சாய்த்தார், மறு பக்கம் சாய்த்தார். உதட்டைக் கடித்தார். அவள் சிவப்பைக் கன்னில் ஊற்றிக் கையைத் தூக்கினாள்.

"பட்டை அங்க வராது."

அவள் திரும்பவில்லை. "எங்க வரும்?"

"கீழ. கைப்பிடிக்குக் கீழதான் ஓடும். அகலமும் இவ்வளவு இல்ல, நாலு விரல்தான். பின்னால போகப் போக ரெண்டு விரல் எறங்கும். அங்கதான் கீறல் விழும், மாசா மாசம் நான்தான் மறுபடி அடிப்பேன்…"

கையால் காற்றில் அடித்துக் காட்டிக்கொண்டிருந்தவர் அப்படியே நின்றுவிட்டார். கை மேலேயே இருந்தது.

"எது கீறும்ப்பா?"

அவர் கையை இறக்கி மடியில் வைத்தார்.

"ஏத்தும்போது… காலால தள்ளும்ல. நகம்."

 மகள் போய், கன்னுக்குக் காற்றடிக்கிற கம்ப்ரசரை அணைத்தாள்.

"ஆறு வருஷம் ஓட்டுனேன்" என்றார் அவர், யாரையும் பார்க்காமல். "வேற வேலை கெடைக்கல. வண்டிய கழிச்சப்ப நானே எடுத்துக்கிட்டேன். கதவுல பேரு எழுதியிருந்துச்சு, கதவ மாத்திட்டேன். உங்கம்மாவப் பொண்ணு பாக்கப் போன அன்னிக்கு மூணு தடவ குளிச்சேன். அப்பவும் உன் தாத்தா மூக்கச் சுளிச்ச மாதிரியே இருந்துச்சு. எந்திரிச்சு வந்தப்புறம் நாற்காலியக் கழுவியிருப்பாங்களோன்னு இன்னிக்கு வரைக்கும்…"

"எங்கப்பாவுக்கு மூக்கே அப்படித்தான்" என்றார் அண்ணி. சிரிக்கவில்லை. "யாரும் கழுவல."

"அவரும் குளிச்சிட்டுத்தான் வந்தாரு" என்றாள் மகள். "மூணு தடவ. நான் கேட்டேன்."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். எனக்கு இரக்கம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. தான் பயந்து பயந்து செத்ததை இன்னொருத்தனுக்கு அவன் கண்ணெதிரே செய்து காட்டிய ஆளைப் பார்க்க அருவருப்பாகத்தான் இருந்தது. அவர் எழுந்து, பழக்கதோஷத்தில், கை கழுவக் குழாயடிக்குப் போனார்.

அவர் எழுந்ததும் மகள் உள்ளே போனாள். பினாயிலும் வாளியும் தேங்காய் நாருமாக வந்தாள். நாற்காலியைக் கவிழ்த்துப் போட்டாள். நாலு காலையும், அடிப்பலகையையும், சாய்கிற கம்பிகளையும் ஒன்று விடாமல் தேய்த்தாள். தண்ணீரை ஊற்றி அலசினாள். சோப்புக் கையோடு திரும்பிய அவர் குழாயடியிலேயே நின்றுவிட்டார். குழாய் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

"எதுக்கும்மா இப்ப அதக் கழுவற?" என்று கேட்டார். கேட்டது காதில் சரியாக விழவேயில்லை, அவ்வளவு சின்னக் குரல்.

அவள் நாற்காலியை நிமிர்த்தி வெயிலில் வைத்தாள்.

"சாயங்காலம் அவர வரச் சொல்லப்போறேன். வந்தா உக்காரணும்ல? நீங்க உக்காந்த நாற்காலி. அதான்."

அண்ணி எழுந்துபோய்க் குழாயை மூடிவிட்டு, தேநீருக்குப் பால் இருக்கிறதா என்று பார்க்க உள்ளே போனார். மகள் டேப்பை உரித்து, கைப்பிடிக்குக் கீழே, நாலு விரல் அகலத்துக்கு, அவர் சொன்ன இடத்திலேயே ஒட்ட ஆரம்பித்தாள். அவர் சோப்புக் கையைத் துடைக்காமல், நாற்காலி காயும்வரை நின்றுகொண்டே இருந்தார்.